அடுத்த பெரிய பிரச்சினை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது: அதை எங்கே, எப்படித் தேடுவது?

2015 நவம்பரில் 'தி லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' என்ற மருத்துவ ஆய்விதழில் சீனாவிலிருந்து ஒரு கட்டுரை வெளியானது. மற்ற ஆன்டிபயாட்டிக்குகள் கைவிட்ட பிறகு ஐசியு மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று கோலிஸ்டின். அதையும் செயலிழக்க வைக்கும் எம்சிஆர்-1 என்ற மரபணுவை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகத் தாவக்கூடிய வடிவில் அது இருந்தது. பரிசோதித்த 804 விலங்கு மாதிரிகளில் 166, பச்சை இறைச்சி மாதிரிகள் 523-ல் 78, நோயாளிகளிடம் எடுத்த 1,322 மாதிரிகளில் 16. பண்ணையிலிருந்து கறிக்கடைக்கும், அங்கிருந்து மருத்துவமனைக்கும் போகும் பாதை அந்த மூன்று எண்களில் தெரிந்தது.

அந்த நேரத்தில் இந்தியக் கோழிப் பண்ணைகளில், கோழி சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் கோலிஸ்டின் கலக்கப்பட்டு வந்தது. இது நாளிதழில் பெரிய செய்தியாக வந்தது 2018 ஜனவரியில். மத்திய அரசு விலங்குகளுக்கு கோலிஸ்டினைத் தடை செய்தது 2019 ஜூலையில். கட்டுரைக்கும் தடைக்கும் நடுவே மூன்றரை வருஷத்துக்கும் மேல். அந்த இடைவெளியில் நாம் எல்லோரும் சிக்கன் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

இதில் ரகசியம் ஏதாவது இருந்ததா? இல்லை. கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் படிக்கக்கூடிய ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. பெரும்பாலான சமூகப் பிரச்சினைகளும் தொழில்நுட்ப மாற்றங்களும் இப்படித்தான் வருகின்றன: முதலில் ஆய்விதழில், சில வருஷம் கழித்து செய்தியில், இன்னும் சில வருஷம் கழித்து சட்டத்தில். முதல் கட்டத்திலேயே அவற்றை எப்படிக் கவனிப்பது, எங்கே ஏமாறலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இந்தத் தரவுத்தளங்கள் என்பவை என்ன?

உலகெங்கும் வெளியாகும் ஆய்வுக்கட்டுரைகளின் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரிசை. அதில் தலைப்பு, சுருக்கம், எழுதியவர்கள், அவர்களுடைய நிறுவனம், நாடு, ஆண்டு, எந்தெந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறது, சில சமயம் யார் பணம் கொடுத்தார்கள் என்பது வரை இருக்கும். நம் வேலைக்கு முக்கியமானவை இந்த விவரங்கள்தான். முழுக் கட்டுரையும் கையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மருத்துவம், உயிரியல் என்றால் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட். கம்ப்யூட்டர் சயின்ஸ், இயற்பியல் என்றால் ஆய்விதழில் வருவதற்கு முன்பே கட்டுரைகள் ஏற்றப்படும் ஆர்க்கைவ். 1991 முதல் இயங்குகிறது. எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து என்றால் 2022-ல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ். இதில் 20 கோடிக்கும் மேற்பட்ட ஆய்வுப் பதிவுகள் உள்ளன. டேட்டாவை அப்படியே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். காப்புரிமைகளையும் சேர்த்துப் பார்க்க லென்ஸ். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டும் கட்டணச் சேவைகள். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும்.

நமக்குப் பழக்கமான கூகுள் ஸ்காலர் ஒரு குறிப்பிட்ட கட்டுரையைத் தேடிப் பிடிக்க நல்லது. ஆனால் 'இந்தத் தலைப்பு வருஷா வருஷம் எப்படி வளர்ந்தது?' என்று கேட்டால் அது கிராஃப் போட்டுத் தராது. பப்மெட்டில் தேடினால் பக்கத்தின் ஓரத்திலேயே ஆண்டுவாரியான பார் கிராஃப் வந்துவிடும்.

கிராஃப் ஏறினால் பிரச்சினை வருகிறது என்று அர்த்தமா?

அப்படி நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தப்பு. காரணம், கட்டுரைகளின் மொத்த எண்ணிக்கையே வருஷா வருஷம் கூடிக்கொண்டிருக்கிறது. பப்மெட்டில் மட்டும் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் அதிகமான புதுப் பதிவுகள் சேர்கின்றன. எனவே எந்த வார்த்தையைத் தேடினாலும் கோடு மேலேதான் போகும்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு தலைப்பில் 2010-ல் 100 கட்டுரைகள், 2020-ல் 160 கட்டுரைகள். 60 சதவீத வளர்ச்சி! ஆனால் அதே காலத்தில் மொத்தக் கட்டுரைகள் 10 லட்சத்திலிருந்து 16 லட்சம் ஆகியிருந்தால்? அன்றும் 10,000-க்கு ஒன்று, இன்றும் 10,000-க்கு ஒன்று. ஒன்றுமே மாறவில்லை. ஆகவே எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பங்கைப் பாருங்கள். மொத்தத்தால் வகுத்த பிறகும் கோடு ஏறினால்தான் அது பேச வேண்டிய விஷயம்.

அப்போ எதைப் பார்க்கணும்?

பங்கு கூடுவதைத் தவிர ஐந்து அறிகுறிகள் இருக்கின்றன.

ஒன்று, புதுப் பெயர். ஒரு விஷயத்துக்குப் பெயர் கிடைக்காதவரை அது சிதறிக் கிடக்கும். இ.கோலி பாக்டீரியாவின் டிஎன்ஏவில் விசித்திரமாகத் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிசையை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1987-லேயே பதிவு செய்தார்கள். அது எதற்கு என்று அப்போது தெரியவில்லை. 2002-ல் அதற்கு 'கிரிஸ்பர்' என்ற பெயர் வந்தது. 2012-ல் அது மரபணுவை வெட்டும் கருவியானது, 2020-ல் நோபல் பரிசு. 2002-க்கு முன் நீங்கள் 'கிரிஸ்பர்' என்று தேடியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. பெயர் பிறக்கிறது என்றால், வெவ்வேறு இடங்களில் இருப்பவர்கள் ஒரே விஷயத்தைப் பார்க்கிறோம் என்று ஒப்புக்கொள்கிறார்கள் என்று பொருள்.

இரண்டு, துறை தாண்டுதல். ஒரு துறையில் பல வருஷமாகப் புழங்கிய சொல், சம்பந்தமே இல்லாத இன்னொரு துறையின் கட்டுரைகளில் தலைகாட்டத் தொடங்கினால் உஷாராகுங்கள். இதன் மதிப்பை முதலில் நிரூபித்தவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியலாளர் டான் ஸ்வான்சன். மீன் எண்ணெய் ரத்தத்தின் தடிமனைக் குறைக்கிறது என்று ஒரு கூட்டம் எழுதிக்கொண்டிருந்தது. ரேனாட்ஸ் நோயில், அதாவது குளிரில் விரல்களுக்கு ரத்தம் போகாமல் வெளுத்துப்போகும் நோயில், ரத்தம் தடிமனாக இருக்கிறது என்று இன்னொரு கூட்டம் எழுதிக்கொண்டிருந்தது. இரண்டு கூட்டமும் ஒருவரையொருவர் படிக்கவே இல்லை. இரண்டையும் இணைத்து, மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாம் என்று ஸ்வான்சன் 1986-ல் எழுதினார். பிறகு வந்த மருத்துவச் சோதனை அதை ஆதரித்தது. ஸ்வான்சன் ஆய்வகத்தில் ஒரு பரிசோதனையும் செய்யவில்லை. தேடினார், படித்தார், அவ்வளவுதான்.

மூன்று, புது ஊர்கள். ஒரே ஆய்வுக்குழு பத்துக் கட்டுரை எழுதுவதற்கும், பத்து ஊர்களிலிருந்து ஆளுக்கொரு கட்டுரை வருவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

நான்கு, ஆய்வின் வகை மாறுவது. முதலில் 'எங்களிடம் விசித்திரமாக ஒரு நோயாளி வந்தார்' என்ற தனிக் குறிப்பு. பிறகு நூறு பேரைப் பார்த்த ஆய்வு. பிறகு வருஷக்கணக்கில் தொடர்ந்து கண்காணிக்கும் ஆய்வு. கடைசியில் எல்லாவற்றையும் தொகுத்த மதிப்பாய்வும் அரசு வழிகாட்டுதலும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், வகை மாறிக்கொண்டே வந்தால் விஷயம் முதிர்கிறது.

ஐந்து, பணம். கட்டுரையின் கடைசியில் 'நிதி உதவி' என்ற வரியில் புது நிறுவனங்கள் வரத் தொடங்குவதும், அதே சொல் காப்புரிமைகளில் தோன்றுவதும் தொழில்நுட்பத்தில் நல்ல அறிகுறி.

ஒரு நோய், நாலு பெயர்

இந்த ஐந்தையும் ஒரே விஷயத்தில் போட்டுப் பார்ப்போம். பப்மெட்டில் 'ஹீட் ஸ்ட்ரெஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் என்ன வரும்? கறவை மாடு, பிராய்லர் கோழி, கோதுமை, நெல் என்றுதான் நிறைய வரும். வெயிலில் பால் குறைவதும் பயிர் வாடுவதும் ரொம்பக் காலமாக ஆராயப்படும் விஷயங்கள். மனிதர்கள் என்றால் பெரும்பாலும் ராணுவ வீரர்கள், விளையாட்டு வீரர்கள்.

இப்போது கூடவே 'கிட்னி', 'வொர்க்கர்ஸ்' என்ற இரண்டு சொற்களைச் சேருங்கள். ஒரு வேறு கதை திறக்கும்.

2002-ல் எல் சல்வடோர் நாட்டின் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்து வந்த நோயாளிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு வழக்கமான காரணங்களான சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லை. பெரும்பாலும் ஆண்கள், விவசாய வேலை செய்பவர்கள். பக்கத்து நாடான நிகரகுவாவில் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் வாழும் ஒரு பகுதி, ஆண்கள் ஒவ்வொருவராக இந்த நோயில் இறந்ததால் 'விதவைகளின் தீவு' என்றே அழைக்கப்பட்டது.

கிட்டத்தட்ட அதே காலத்தில், உலகத்தின் இன்னொரு பக்கத்தில், இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் நெல் விவசாயிகளுக்கு இதே மாதிரியான நோய். 1990-களிலிருந்தே மருத்துவர்கள் கவனித்து வந்தார்கள். இந்தியாவில், ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் முந்திரியும் தென்னையும் விளையும் உத்தானம் பகுதியிலும் இதே நிலை.

சிக்கல் என்னவென்றால், மத்திய அமெரிக்காவில் இதன் பெயர் 'மெசோஅமெரிக்கன் நெஃப்ரோபதி'. ஆந்திராவில் 'உத்தானம் நெஃப்ரோபதி'. இலங்கையில் 'காரணம் அறியப்படாத நாள்பட்ட சிறுநீரக நோய்', சுருக்கமாக சிகேடியு. இன்னொரு குழு விவசாயச் சமூகங்களைக் குறிப்பிட்டு 'சினாக்' என்று ஒரு பெயர் வைத்தது. ஒரே ஒரு பெயரை அடித்துத் தேடுபவருக்கு அது ஒரு மூலையில் நடக்கும் சின்ன விஷயமாகத் தெரியும். நாலையும் சேர்த்து, நோயாளிகளின் வேலை, வயது, வெயில் ஆகியவற்றோடு வைத்துப் பார்ப்பவருக்குத்தான் அது உலகளாவிய வடிவம் என்று புரியும். அந்த 2002 கட்டுரை எழுதப்பட்டது ஸ்பானிஷில் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2016-ல் அமெரிக்கச் சிறுநீரகவியல் இதழ் ஒன்றில், இதைப் பருவநிலை மாற்றத்தோடு நேரடியாக இணைத்து, 'வெப்ப அழுத்தச் சிறுநீரக நோய்' என்ற பெயரை முன்வைத்து ஒரு கட்டுரை வந்தது. மேலே சொன்ன அறிகுறிகளை இப்போது சரிபாருங்கள். புதுப் பெயர் வந்துவிட்டது. மாட்டுக்கும் பயிருக்கும் சொந்தமாக இருந்த சொல் சிறுநீரகத்துக்குத் தாண்டிவிட்டது. ஊர்கள் கூடிவிட்டன. ஆய்வின் வகையும் மாறிவிட்டது: கரும்பு வயல்களில் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் முறையாகக் கொடுத்துச் சிறுநீரகப் பாதிப்பு குறைகிறதா என்று பார்க்கும் ஆய்வுகள் மத்திய அமெரிக்காவில் வந்தன.

காரணம் இன்னும் முழுதாக முடிவாகவில்லை. வெயிலும் நீரிழப்பும் முக்கியம் என்று ஒரு தரப்பு. பூச்சிமருந்து, கன உலோகங்கள், குடிநீர் என்று இன்னொரு தரப்பு. எல்லாம் சேர்ந்துதான் என்று மூன்றாவது தரப்பு. இந்த விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே இலங்கை 2015-ல் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடை செய்தது. 2018-ல் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குத் தடையைத் தளர்த்தியது. தரவுத்தளம் 'இங்கே ஏதோ நடக்கிறது' என்று கைகாட்டும். எதனால் நடக்கிறது என்ற தீர்ப்பை அது தராது. இந்த வித்தியாசத்தை மறந்தால் ஆபத்து.

இந்தக் கதை நம் ஊருக்கும் வந்துவிட்டது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களின் வெப்ப அழுத்தத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் சேர்த்து ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பிய நேபாளத் தொழிலாளர்களின் சிறுநீரகப் பாதிப்பு பற்றியும் ஆய்வுகள் வந்துள்ளன. அதே வெயிலில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் நிற்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் வெயில் என்றதும் நம் பேச்சு இன்னும் 'மயங்கி விழுந்தார்' என்ற அளவிலேயே நிற்கிறது. மயங்கி விழாமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீரகத்தை இழப்பவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆய்விதழ்கள் இதை இருபது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

டெக் துறையிலும் இதே கதைதானா?

ஆமாம், ஆனால் வேகம் அதிகம். இன்று ஐடி வேலை விளம்பரங்களில் வரும் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்ஜிபிடிக்கு அடிப்படையான 'டிரான்ஸ்ஃபார்மர்' வடிவமைப்பு பற்றிய கட்டுரை ஆர்க்கைவில் ஏறியது 2017 ஜூன். சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. நடுவே ஐந்து வருஷத்துக்கும் மேல். நிறுவனத்தின் சொந்த ஆவணங்களைத் தேடி எடுத்து, அதை வைத்து ஏஐ பதில் சொல்லும் 'ரேக்' முறைக்கு அந்தப் பெயரைக் கொடுத்த கட்டுரை 2020 மே. பெரிய மாடல்களைக் குறைந்த செலவில் நம் தேவைக்கு ஏற்ப மாற்றும் 'லோரா' 2021 ஜூன். இவை ரெஸ்யூமேவில் எழுதும் சொற்களாவதற்கு வெகு முன்பே ஆர்க்கைவ் தலைப்புகளாக இருந்தன.

'சரி, ஆனா ஆர்க்கைவில் தினமும் நூற்றுக்கணக்கில் ஏறுதே, இதுதான் பெரிசாகும்னு 2017-ல் எப்படித் தெரியும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் கட்டுரையை வைத்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது அறிகுறியைப் பாருங்கள். மொழிபெயர்ப்புக்காக உருவான டிரான்ஸ்ஃபார்மர், 2020 அக்டோபரில் படங்களை அடையாளம் காணும் துறைக்குத் தாவியது. 2021 ஜூலையில் 'நேச்சர்' இதழில் வந்த ஆல்ஃபாஃபோல்டு கட்டுரை, புரதங்களின் வடிவத்தைக் கணிக்க அதே அடிப்படை யோசனையைப் பயன்படுத்தியது. மொழி, படம், புரதம். மூன்று துறை தாண்டிய கருவி ஒரு துறையோடு நிற்காது என்று 2021-லேயே சொல்லியிருக்கலாம். சாட்ஜிபிடி வருவதற்கு அப்போதும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது.

எங்கெல்லாம் ஏமாறலாம்?

முதல் பொறி, திடீர் உச்சம். 2023 ஜூலையில் தென் கொரிய ஆய்வாளர்கள் சிலர், எல்கே-99 என்ற பொருள் சாதாரண அறை வெப்பநிலையிலேயே சூப்பர்கண்டக்டர் என்று ஆர்க்கைவில் கட்டுரை ஏற்றினார்கள். சமூக ஊடகம் முழுக்க அதே பேச்சு. உலகெங்கும் ஆய்வகங்கள் செய்து பார்த்து, ஆகஸ்ட் பாதிக்குள் அது இல்லை என்று சொல்லிவிட்டன. அந்த நாட்களில் கிராஃப் பார்த்தவர்களுக்கு அது செங்குத்தாக ஏறித்தான் தெரிந்திருக்கும். வாரக்கணக்கில் எழும் உச்சத்தை நம்பாதீர்கள். வருஷக்கணக்கில் நிதானமாக ஏறும் கோட்டை நம்புங்கள்.

இரண்டாவது, போலிக் கட்டுரைகள். பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை தயாரித்துக் கொடுக்கும் 'பேப்பர் மில்' தொழில் உலகம் முழுக்க இருக்கிறது. 2023-ல் மட்டும் 10,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் மிகப் பெரும்பங்கு ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்கள். ஒரு தலைப்பில் திடீரென்று, ஒரே மாதிரித் தலைப்புகளோடு, ஒரு சில இதழ்களில் மட்டும் கட்டுரைகள் குவிந்தால் அது புதுப் பிரச்சினையின் அறிகுறி அல்ல. புது வியாபாரத்தின் அறிகுறி.

மூன்றாவது, ஒரே சொல், பல அர்த்தம். பப்மெட்டில் 'ரேக்' என்று தேடினால் நோய் எதிர்ப்பு மண்டலத்தோடு தொடர்புடைய ஒரு மரபணு வரும். 'டிரான்ஸ்ஃபார்மர்' என்றால் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரும் வரும், பழ ஈயின் மரபணு ஒன்றும் வரும். கிராஃப் போடுவதற்கு முன் முதல் இருபது தலைப்புகளையாவது கண்ணால் படித்துவிடுங்கள்.

நான்காவது, மொழியின் ஃபேஷன் மாறுவது. பப்மெட்டில் உள்ள சுமார் 1.5 கோடி கட்டுரைச் சுருக்கங்களை ஆராய்ந்த ஒரு குழு, 'டெல்வ்ஸ்' போன்ற சில ஆங்கிலச் சொற்கள் சாட்ஜிபிடி வந்த பிறகு திடீரென்று எகிறியிருப்பதைக் கண்டது. அதை வைத்து, 2024-ல் வந்த சுருக்கங்களில் குறைந்தது 13.5 சதவீதம் ஏஐ உதவியோடு எழுதப்பட்டவை என்று 2025-ல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் மதிப்பிட்டது. சொல் எண்ணிக்கை ஒரு சமூக மாற்றத்தைக் காட்டிக்கொடுத்ததற்கு இது நல்ல உதாரணம். அதே நேரம் இது ஒரு எச்சரிக்கையும்கூட: இனி ஒரு சொல் அதிகமானால், உலகம் மாறியதாலா, எழுதும் கருவி மாறியதாலா என்று கேட்டாக வேண்டும்.

கட்டுரையே இல்லை என்றால் பிரச்சினையே இல்லையா?

இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி. ஆய்வுக்குப் பணம் வேண்டும், நேரம் வேண்டும், பெரும்பாலும் ஆங்கிலம் வேண்டும். பணக்கார நாடுகளின் நோய்க்கு ஆயிரம் கட்டுரை இருக்கும். நம் ஊர்த் தொழிலாளியின் நோய்க்கு மூன்று இருக்கும். அந்த மூன்றைச் சின்ன எண் என்று ஒதுக்கிவிடக் கூடாது. யாரும் பார்க்காத இடத்தில் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள் என்று படிக்க வேண்டும்.

இதற்கு இந்தியாவில் ஒரு நல்ல துணை உண்டு: ஷோத்கங்கா. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இந்தத் தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்டி ஆய்வேடுகள் முழுதாக, இலவசமாகக் கிடைக்கும். தமிழில் எழுதப்பட்டவையும் உண்டு. சர்வதேச இதழில் இடம்பிடிக்காத மாவட்ட அளவிலான விஷயங்கள் பல இங்கே கிடைக்கும். அதோடு உள்ளூர் இதழ்கள். ராஜஸ்தானின் பரத்பூரில் பிணந்தின்னிக் கழுகுகள் வேகமாகக் குறைவது முதலில் விரிவாக வெளியானது 1999-ல், மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில்தான்.

நீங்களே செய்து பார்க்க: ஒரு சனிக்கிழமை போதும்

உங்கள் வேலைக்கோ ஊருக்கோ நெருக்கமான ஒரு கேள்வியை எடுங்கள். உதாரணமாக, 'டெலிவரி வேலை செய்பவர்களின் உடல்நலம்'.

முதலில் பெயர்களைச் சேகரியுங்கள். கிக் வொர்க்கர், பிளாட்ஃபார்ம் வொர்க்கர், ஃபுட் டெலிவரி ரைடர் என்று ஆங்கிலத்தில் எத்தனை வழியில் சொல்வார்களோ அத்தனையும். ஒரு கட்டுரை கிடைத்தால் அதன் கீவேர்டுகளைப் பார்த்து உங்கள் பட்டியலை நீட்டுங்கள்.

அடுத்து ஓப்பன்அலெக்ஸில் தேடி, ஆண்டுவாரி எண்ணிக்கையை ஒரு எக்செல் ஷீட்டில் போடுங்கள். பக்கத்து வரிசையில் அந்தந்த ஆண்டின் மொத்தக் கட்டுரைகள். வகுத்துப் பங்கைக் கண்டுபிடியுங்கள்.

பிறகு கடைசி மூன்று வருஷத்துக் கட்டுரைகளில் ஐம்பதின் தலைப்புகளைப் படியுங்கள். எந்தத் துறை, எந்த ஊர், என்ன வகை ஆய்வு என்று மூன்று கட்டங்களில் குறித்துக்கொள்ளுங்கள். கிராஃப் சொல்லாதது இங்கேதான் தெரியும்.

கடைசியாக, முக்கியமாகத் தோன்றும் மூன்று கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 ஜனவரி முதல் அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு சுமார் 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் உங்களுக்கு அது கிடையாது. ஆனால் அன்பேவால் என்ற பிரவுசர் நீட்டிப்பு, சட்டப்படி இலவசமாக இருக்கும் பிரதி எங்கே என்று காட்டிவிடும். அதுவும் இல்லையென்றால் கட்டுரை எழுதியவருக்கே மெயில் போடுங்கள், பலர் அனுப்பிவிடுவார்கள்.

முன்கூட்டியே தெரிந்தால் முன்கூட்டியே நடந்துவிடுமா?

தானாக நடக்காது. கழுகுகளின் கதையையே பாருங்கள். மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலி மருந்துதான், அந்த மாடுகளின் சடலத்தைத் தின்னும் கழுகுகளைக் கொல்கிறது என்று 2004-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது. இந்தியா 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. இரண்டே வருஷம், நம் நாட்டு வேகத்துக்கு இது சாதனைதான். ஆனால் இன்னொரு வலி மருந்தான கீட்டோபுரோஃபெனும் கழுகுகளுக்கு விஷம் என்ற ஆய்வு 2009 டிசம்பரில் வெளியானது. நாடு தழுவிய தடை வந்தது 2023 ஜூலையில். பதின்மூன்றரை வருஷம். இரண்டுக்கும் தரவுத்தளம் ஒன்றுதான், ஆதாரத்தின் தன்மையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கழுகு செத்தால் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். கழுகுகள் மறைந்ததால் சடலங்கள் அழுகி, நீர் கெட்டு, நாய்கள் பெருகி, இந்தியாவில் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் கூடுதல் மனித மரணங்கள் நிகழ்ந்ததாக 2024-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது. தாமதத்துக்கு யாரோ விலை கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அந்த தாமதத்தில் ஒரு பகுதி அரசு, ஒரு பகுதி தொழில். இன்னொரு பகுதி, படிக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் படிக்காதது. நீங்கள் ஒரு நிறுவனத்தின் எச்ஆர் ஆகவோ, கிடங்கை நிர்வகிப்பவராகவோ, மருந்து, உணவு, கட்டுமானத் துறையிலோ இருக்கலாம். உங்கள் முடிவை நம்பி வெயிலில் நிற்பவர்கள் இருக்கலாம். வெயில் நேரத்தில் இடைவேளை எத்தனை நிமிஷம், தண்ணீர் எவ்வளவு தூரத்தில், நிழல் இருக்கா என்று முடிவெடுக்க அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆதாரம் பொதுவெளியில் இருக்கிறது. அடுத்த மீட்டிங்கில் யாராவது 'இதுக்கெல்லாம் ஆய்வு இருக்கா?' என்று கேட்டால், லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுங்கள்.